கிருத்திகையன்று வந்த கோழி

எங்கள் கடையைக் கடை என்று சொல்லக்கூடாது, ஸ்டோர் என்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்த பயிற்சியில் இதற்காகவே அரை நாள் ஒதுக்கினார்கள். கடைக்கு வருகிறவர்களைக் கஸ்டமர் என்றுகூடச் சொல்லக்கூடாதாம், விருந்தினர் என்று சொல்ல வேண்டுமாம். விருந்தினரிடம் பைக்குத் தனியாகக் காசு வாங்கிய வீடு எங்களுடையது.

திருப்போரூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்தது அந்த ஸ்டோர். நான் அங்கே நாலு வருஷம் மேனேஜர். செங்கல்பட்டிலிருந்து காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து ஷட்டரைத் தூக்குவேன். கட்டிடம் முன்பு உரக் கிடங்காக இருந்தது. கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வைத்து, தரைக்குப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டியும், மழை வந்தால் மூலையிலிருந்து யூரியா நெடி கிளம்பிவிடும். புகார் செய்தேன். ஹெட் ஆபீஸ் எலுமிச்சை வாசனை ஸ்பிரே அனுப்பியது. அதையும் அடித்த பிறகு, எலுமிச்சைத் தோட்டத்துக்கு உரம் போட்ட மாதிரி இருந்தது.

எங்கள் மாதிரிக் கடைகளுக்குக் கன்வீனியன்ஸ் ஸ்டோர் என்று பெயர். எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும் என்பதுதான் அதன் பெருமை. எதற்குப் பக்கத்தில் என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு மைல் போனால் கீரைப் பாத்தி. அங்கே விடியற்காலையில் பறித்த அரைக்கீரையை எங்கள் கம்பெனி வேன் வந்து வாங்கும். வாங்கி அச்சரப்பாக்கத்தில் உள்ள கலெக்‌ஷன் சென்டருக்குக் கொண்டுபோகும். அங்கே அதைக் குளிப்பாட்டுவார்கள், பிளாஸ்டிக் உறை போடுவார்கள், 'தோட்டத்திலிருந்து நேராக' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பிறகு சென்னைக்குப் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற பெரிய குடோனில் ஒரு ராத்திரி தங்கும். மறுநாள் காலை லாரி ஏறி எங்களிடம் வந்து சேரும்போது, வடபழனிக்குப் போய்க் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்த கிழவரைப் போல அது சோர்ந்திருக்கும். பாத்திக்காரரே ஒருநாள் ஏதோ வாங்க வந்தவர், தன் கீரையைப் பார்த்து அடையாளம் தெரியாமல் எந்த ஊர்க் கீரை என்று என்னிடம் கேட்டார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஆட்கள் சொல்லிவைத்ததை எடுத்து, அதற்கு சப்ளை செயின் என்று பெயர் வைத்து, அதைக் கவனிக்க ஹெட் ஆபீஸில் ஒரு மாடி முழுக்க ஆள் போட்டிருந்தார்கள்.

மாமல்லபுரம் பக்கம் கடற்கரைச் சாலையில் எங்களுக்கு இன்னொரு கிளை இருந்தது, மீனவர் குப்பத்துக்கு நேர் எதிரே. அந்தக் கிளைக்கு ஐஸில் உறைந்த மீன் பாக்கெட்டுகளைக் குடோன் விடாமல் அனுப்பியது. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். குப்பத்து அம்மா ஒருத்தி ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எப்பபா செத்துது?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கிளை மேனேஜர் போனில் சொன்னபோது நான் சிரித்தேன். என்னுடைய கடையில் எது செத்துக்கொண்டிருந்தது என்பது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் கடையில் கோழி.

அதைச் சொல்வதற்கு முன் ஆட்டோ இண்டென்ட் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய மளிகைக் கடைக்காரர் ஒரு சாமானை எவ்வளவு வாங்கிப்போடலாம் என்று அவராகவே முடிவு செய்வார். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கம்ப்யூட்டரே முடிவு செய்து, கம்ப்யூட்டரே குடோனுக்குச் சொல்லி, லாரியில் ஏற்றிவிடும். நாங்கள் இறக்கினால் போதும். அது போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. நாளைக்கு வெள்ளிக்கிழமை என்றால், சரியாக நாலு வாரம் முந்தைய வெள்ளிக்கிழமை என்ன விற்றது என்று பார்க்கும். இப்போது கடையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். குறைகிறதை அனுப்பும். அவ்வளவுதான். இதைச் செய்ய எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் உழைத்ததாக ஒரு வீடியோ காட்டினார்கள்.

நாலு வாரம் என்றால் இருபத்தெட்டு நாள். கிருத்திகை நட்சத்திரம் பெரும்பாலும் இருபத்தேழு நாளைக்கு ஒருமுறை வரும். இந்த ஒரு நாள் வித்தியாசத்தில் என் உத்தியோகம் தொங்கிக்கொண்டிருந்தது.

முருகன் கோயில் இருக்கிற ஊரில் கிருத்திகை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. காலையிலிருந்து பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கும். ஊர்க்காரர்கள் வீட்டில் கறி சமைத்த பாத்திரத்தை முதல் நாள் ராத்திரியே கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அன்றைக்கு எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கற்பூரம், தேங்காய், வாழைப்பழம், பால் கேட்பார்கள். கோழிக்கறி வைத்திருக்கிற குளிர்பெட்டிப் பக்கம் போனால் பாவம் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் கம்ப்யூட்டர் இருபத்தெட்டு நாள் பின்னால் பார்க்கும். அது கிருத்திகைக்கு முந்தின நாளாக இருக்கும். நன்றாக விற்றிருக்கும். பெட்டி பெட்டியாகக் கோழி அனுப்பிவிடும்.

மறுநாள்தான் வேடிக்கை. விரதம் முடித்த ஊர் கோழி கேட்டு வந்து நிற்கும். கம்ப்யூட்டர் இருபத்தெட்டு நாள் பின்னால் போய்ப் பார்த்தால் அங்கே கிருத்திகை. ஒன்றுகூட விற்றிருக்காது. அதனால் அன்றைக்கு ஒன்றும் அனுப்பாது. ஊர் விரதம் இருந்து முடித்த பிறகு, ஒரு நாள் தாமதமாக எங்கள் கம்ப்யூட்டர் தனியாக விரதம் இருந்தது. அதற்கு எந்த முருகன் அருள் செய்வான் என்று தெரியவில்லை.

கோழி பாக்கெட்டுக்கு ஆயுள் இரண்டு நாள். ஒரு நாள் வண்டியிலும் குடோனிலும் போய்விடும். மிச்சம் இருக்கிற ஒரு நாள்தான் எங்களுக்கு. அந்த ஒரு நாள் கிருத்திகையாக விழுந்தால், சாயங்காலம் அத்தனை பாக்கெட்டையும் பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, எடை போட்டு, பின்பக்கம் கொண்டுபோய் உறையைக் கிழித்து, அதன்மேல் பினாயில் ஊற்ற வேண்டும். யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடக்கூடாதாம். ஊற்றுவதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு கட்டைவிரல் வரும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியை அப்படியே சட்டமாக்கியிருந்தார்கள்.

மாமல்லபுரம் கிளைக்கு அனுப்பலாமே என்று கேட்டேன். அங்கே டூரிஸ்ட்டுகள், ஓட்டல்காரர்கள், கிருத்திகை பார்க்காதவர்கள். பக்கத்து ஊர்தான். ஒரு ஷேர் ஆட்டோவில் வைத்து அனுப்பினால் மத்தியானத்துக்குள் விற்றுவிடும். முடியாது என்றார்கள். ஸ்டோரிலிருந்து ஸ்டோருக்குப் போக வழி இல்லை. எங்கள் கோழி முதலில் குடோனுக்குத் திரும்பிப்போய், அங்கே வரவு வைக்கப்பட்டு, பிறகு அங்கிருந்து மாமல்லபுரம் போக வேண்டும். அதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும் என்றேன். ஆமாம், அதனால்தான் முடியாது என்றார்கள். எனக்கு அன்றைக்கு அவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை. இவ்வளவு ஒழுங்காக யோசிக்கிறவர்களிடம் என்ன கோபப்படுவது.

பினாயில் ஊற்றுகிற வேலை எங்கள் ஸ்டாக் அக்காவுடையது. சாமான் வந்தால் இறக்கிச் சரிபார்த்து, அடுக்கி, தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு இருப்பு எண்ணி, கைமெஷினில் பதிகிறவர். நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பா அம்மா, ஊருக்குப் பின்னால் இருந்த அடுத்தவர் நிலங்களில் கூலி வேலை செய்தவர்கள். அந்த நிலங்களெல்லாம் இப்போது வாசலில் அலங்கார வளைவு வைத்த வீட்டுமனை பிளாட்டுகள். அந்த பிளாட்டுகளில்தான் அக்காவும் பத்து வருஷம் வேலை செய்தார். வெயிலில் எல்லைக் கல் நடுவது, புல் செதுக்குவது, பிளாட் பார்க்க வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுப்பது. எங்கள் கடையில் சேர்ந்த பிறகுதான் அவருக்குச் சம்பளச் சீட்டு, பி.எஃப்., தலைக்கு மேல் ஃபேன் எல்லாம் வந்தன. யூனிஃபார்ம் சட்டையை அவர் இஸ்திரி போடாமல் ஒருநாளும் போட்டதில்லை.

அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வருகிறவர். ஆனால் கிருத்திகை, சஷ்டி, அமாவாசை, முகூர்த்தம் எது என்றைக்கு என்று எங்கள் ஆட்களில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அடகுக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர் ஒன்றைப் பில் கவுண்டருக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டியிருந்தார். வந்ததும் தாளைக் கிழிப்பார். கிழித்ததும் அடுத்த நாலு தாளைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு என்னிடம், நாளை மறுநாள் கிருத்திகை, கோழி வந்தால் போகாது என்று சொல்வார். நான் ஆமாம் என்பேன். கோழி வரும். போகாது. பினாயில் வரும்.

இதற்கிடையில் ஹெட் ஆபீஸ் செலவைக் குறைக்க ஆரம்பித்தது. ஏரியா மேனேஜர் என்று ஒருவர் மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து ஏசி காரில் தனியாக வருவார். வந்து கடையைச் சுற்றி நடந்து, செலவு எங்கெங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பார். ஒருமுறை எட்டு டியூப்லைட்டில் இரண்டைக் கழற்றச் சொன்னார். அடுத்த முறை ஆட்களுக்கான தண்ணீர் கேனை மூன்றிலிருந்து இரண்டாக்கினார். அதற்கடுத்த முறை செக்யூரிட்டி தாத்தாவை நிறுத்தினார். தினம் பாதி காலியாக வந்து போகிற லாரியை அவர் பார்க்கவே இல்லை. அது சப்ளை செயின் மாடியின் செலவு, எங்கள் செலவு இல்லையாம். ஒருமுறை அவர் கண் காலண்டர் மேல் விழுந்தது. சுவரில் கம்பெனி போஸ்டரைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது என்றார். அதிலும் அடகுக் கடை காலண்டர் இருந்தால் விருந்தினருக்கு நம்மைப்பற்றி என்ன எண்ணம் வரும் என்று கேட்டார். கடன் கேட்கிற எண்ணம் வரும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அக்கா காலண்டரைக் கழற்றி, பின்அறையில் கரண்ட் பெட்டிக் கதவின் உட்புறம் மாட்டினார். அதற்குப் பிறகு எங்கள் ஊரின் நட்சத்திரங்கள் எல்லாம் ஃபியூஸ்களுக்குப் பக்கத்தில் இருந்தன.

அப்புறம் ஒரு மெயில் வந்தது. எங்கள் வட்டாரத்தில் மூட வேண்டிய கடைகளின் பட்டியலில் எங்கள் கடையும் இருக்கிறது என்று. வேஸ்டேஜ் தாங்க முடியவில்லை. மூன்று மாதத்தில் பாதியாகக் குறைக்காவிட்டால் ஷட்டர் இறங்கிவிடும். நான் அதை எல்லோரிடமும் படித்துக் காட்டினேன். எனக்குப் பயம் இருந்தாலும் பெரிய பயம் இல்லை. நான் எங்கேயாவது இன்னொரு ஸ்டோரில் விருந்தினரை வரவேற்கப் போய்விடுவேன். பில் போடுகிற இளசுகளுக்கும் ஓ.எம்.ஆர். சாலை முழுக்க வேலை இருந்தது. அக்காவுக்கு மட்டும்தான் போக இடம் இல்லை.

அவர் மத்தியானம் வரைக்கும் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து நின்றார்.

"சார், நா மறுபடியும் கல்லு நட போவ மாட்டேன்," என்றார். "வெயில்ல நின்னு நின்னு எனுக்கு கண்ணு போச்சு. ஒண்ணு சொல்றேன், செய்றீங்களா?"

சொல்லுங்கக்கா என்றேன்.

"கோழி இல்லன்னு தெரிஞ்சாதான அது அனுப்புது? கீதுன்னு சொல்லிட்டா?"

நான் புரியாமல் பார்த்தேன். அவர் விளக்கினார். கிருத்திகைக்கு முன்தினம் சாயங்காலம் இருப்பு பதியும்போது, பெட்டியில் ஐந்து பாக்கெட் இருந்தால் ஐம்பது இருக்கிறது என்று பதிந்துவிட வேண்டும். கம்ப்யூட்டர், ஓகோ, ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுநாள் அனுப்பாது. கிருத்திகையன்று சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடலாம். அதோடு, ஐஸ் பெட்டி காலி என்று மேலே ஒரு எச்சரிக்கையையும் தட்டிவிட்டால், விரதம் முடிந்த காலையில் பதறிப்போய்க் கொண்டுவந்து கொட்டும்.

நாலு வருஷம் மேனேஜராக இருந்த எனக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன். இருப்பைத் தப்பாகப் பதிவது வேலையை விட்டு நீக்குகிற குற்றம் என்று விதிப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அதுவும் அத்தனை வித்தியாசமாகப் பதிய மேனேஜர் பாஸ்வேர்டு வேண்டும். என்னுடையது. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பினாயிலை நினைத்துப் பார்த்தேன். அப்புறம் பாஸ்வேர்டைத் தட்டினேன்.

அந்த மாதக் கிருத்திகையன்று லாரி வந்தது. டிரைவர் இறங்கி, கோழிப் பெட்டியைத் தேடிவிட்டு, "இன்னா அண்ணாத்த, உங்க கடைக்கு இன்னிக்கி கோழியே காணோம்?" என்றார். அக்கா பின்அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தது வெளியே கேட்டது. மறுநாள் பெட்டி நிறையக் கோழி வந்து பன்னிரண்டு மணிக்குள் தீர்ந்துபோனது.

பிறகு எங்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அமாவாசைக்கு இல்லாத முட்டையை இருக்கிறது என்றோம். புரட்டாசியில் கோழி, முட்டை, முட்டை போட்ட கேக் என்று மூன்றையும் கம்ப்யூட்டர் கண்ணில் மண்ணைத் தூவிச் சமாளித்தோம். முகூர்த்த நாளுக்குப் பாலும் தயிரும் கடையில் இல்லவே இல்லை என்று அழுதோம். அது இரக்கப்பட்டு இரட்டிப்பாக அனுப்பியது. தினமும் மூன்றரை மணிக்கு அக்கா கரண்ட் பெட்டிக் கதவைத் திறந்து காலண்டரைப் பார்ப்பார். இன்றைக்கு என்ன பொய் சொல்ல வேண்டும் என்று வந்து சொல்வார். நான் பாஸ்வேர்டு போடுவேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்களுடையது ஐந்து மாதம் ஓடியது. அந்த ஐந்து மாதத்தில் அக்கா ஒரே ஒருமுறைதான் பினாயில் ஊற்றினார். அதுவும் கரண்ட் போனதால்.

உண்மையைச் சொன்னால், என் வேலை வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த காலம் அது. கடை மூடுகிற பட்டியலிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நல்லவர்கள். எங்கள் வட்டாரத்திலேயே குறைந்த வேஸ்டேஜ் எங்களுடையது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்ததும் காரணம் தேடிக் கிளம்பி வந்தார்கள்.

ஏரியா மேனேஜரும், கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஓர் இளைஞரும் வந்தார்கள். இளைஞர் மடிக்கணினியைத் திறந்து பில் கவுண்டரில் வைத்துக்கொண்டு, எங்கள் கடை எண்களைப் பார்த்துப் பார்த்து வியந்தார். அந்த மென்பொருள் காலப்போக்கில் தானாகவே கற்றுக்கொள்ளுமாம். மற்ற ஊர்களில் அது மெதுவாகக் கற்கிறது, இந்த ஊரில் பயங்கரமாகக் கற்றிருக்கிறது என்றார். கிருத்திகையைக்கூட அது கண்டுபிடித்துவிட்டதைப் பாருங்கள் என்று ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு அழகாக இறங்கி ஏறியது. அக்கா அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அவர் நன்றி சொல்லிவிட்டு டம்ளரை மடிக்கணினியிலிருந்து தள்ளி வைத்தார். அக்காவை அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஏரியா மேனேஜர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க ஏதாவது தனியா செஞ்சீங்களா? இல்ல, எல்லாம் சிஸ்டம்தானா?"

அக்கா டிரேயைப் பிடித்தபடி அங்கேயேதான் நின்றிருந்தார். சொல்லியிருக்கலாம். நாலு அடி நடந்து பின்அறைக் கரண்ட் பெட்டியைத் திறந்து, இதோ இதுதான் சார் உங்கள் மென்பொருள், அடகுக் கடையில் இலவசமாகக் கொடுத்தது என்று காட்டியிருக்கலாம். விதிப்புத்தகத்தின் தடித்த எழுத்துகள் கண்முன் வந்தன. என் பாஸ்வேர்டு. என் கையெழுத்து. என் வீட்டு வாடகை.

"எல்லாம் சிஸ்டம்தான் சார்," என்றேன்.

அக்கா டிரேயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் என்மேல் கோபமாக இல்லை. சொன்னால் நமக்குத்தான் வம்பு, நல்லவேளை சமாளித்தீர்கள் என்றார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

இரண்டு வாரம் கழித்து இரண்டு கவர் வந்தது. ஒன்றில் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். கூடவே ஒரு டிராலி பை. ஊர் ஊராகப் போகிறவனுக்குக் கொடுக்கிற பையைத் தினமும் ஒரே பஸ்ஸில் போகிறவனுக்குக் கொடுத்தார்கள். மற்றொரு கவரில் ஒரு கடிதம். இந்த ஸ்டோரில் சிஸ்டம் மிகத் துல்லியமாக இயங்குவதால், இருப்பு பார்க்கத் தனியாக ஓர் ஆள் இனித் தேவையில்லை. இந்த மாதக் கடைசியோடு ஸ்டாக் உதவியாளர் இடம் நீக்கப்படுகிறது. மற்ற ஸ்டோர்களும் இந்த முன்மாதிரியைப் பின்பற்றும். பழையபடியே செலவு கசிந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கசிந்தது அக்கா.

அன்றே ஏரியா மேனேஜருக்குப் போன் செய்தேன். தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன், அந்த அம்மா காலண்டரைப் பார்த்துச் சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது என்று. அவர் முழுக்கக் கேட்டார். கோபப்படவே இல்லை. அப்படியென்றால் ஐந்து மாதமாக இருப்பைத் தப்பாகப் பதிந்திருக்கிறீர்கள், அப்படியே நான் மேலே எழுதட்டுமா, நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவிடம் கடிதத்தைக் கொடுத்தபோது இரண்டு தடவை படித்தார். நீங்கள் எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டார். சொன்னேன், கேட்கமாட்டேன் என்கிறார்கள் என்றேன். பாதி உண்மை முழுப் பொய்யைவிடச் சுலபமாக வாயில் வந்துவிடுகிறது. அவர் தலையாட்டினார். கடைசி நாளன்று யூனிஃபார்ம் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்து மேசைமேல் வைத்தார். கரண்ட் பெட்டியைத் திறந்து காலண்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது அவருடையது, நான் கேட்க முடியாது. படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் பேசியிருப்பதாகச் சொன்னார். வெயில் இல்லை, மாடிப்படிதான் என்றார்.

காலண்டர் இருந்த ஆணி வெறுமையாக இருந்தது. நான் ஒரு காலண்டர் வாங்கி மாட்டியிருக்கலாம்தான். போனிலேயே பார்க்கலாம். ஆனால் இருப்பு எண்ணுகிற வேலை என்மேல் வந்து விழுந்ததிலும், லாரியை இறக்க ஆள் இல்லாததிலும், அந்த வாரம் எனக்கு என்ன கிழமை என்பதே மறந்துபோயிற்று. ஒருநாள் காலை லாரி வந்தது. டிரைவர் பெட்டிகளை இறக்கிக்கொண்டே இருந்தார். கோழி. இன்னும் கோழி. தெருவில் காவடிப் பாட்டு கேட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மஞ்சள் துணிக் கூட்டம் நடந்து வந்துகொண்டிருந்தது. 

அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் வாளி இழுக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, இன்னைக்குக் கிருத்திகையா?"

"ஆமா. இன்னிக்கிதான்." வாளிச் சத்தம் நின்றது. "கோழி வந்துடிச்சா?"

வந்துவிட்டது, நிறைய வந்துவிட்டது, இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு என்னிய கேக்குறீங்க? சிஸ்டத்த கேளுங்க," என்றார். நாலு வருஷத்தில் முதல்முறையாக அவர் பேச்சில் சார் இல்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, எடை போட்டு, பின்பக்கம் கொண்டுபோனேன். உறையைக் கிழித்தபோது கறி நன்றாகத்தான் இருந்தது. பினாயிலை நானே ஊற்றினேன். ஒரு கையால் ஊற்றிக்கொண்டு மறு கையால் போட்டோ எடுப்பது கஷ்டம் என்பது அன்றுதான் தெரிந்தது. இவ்வளவு நாள் அக்கா எப்படி எடுத்தார் என்று தெரியவில்லை. இரண்டாம் தடவை சரியாக விழுந்தது. குரூப்பில் போட்டேன். ஒரு நிமிஷத்துக்குள் ஹெட் ஆபீஸிலிருந்து கட்டைவிரல் வந்தது.